மூடிய கதவும் மூட்டிய கணப்பும்

நுழையும்முன்

நிலமும் பொழுதும் வாழ்வின் முதற்பொருள்கள் என்று கண்டவர்கள் தமிழர்கள். ஒருவர் தம் நிலத்தைவிட்டு வேறொரு நிலத்தில் குடியேறும்போது உணவும் உடையும் மட்டுமா மாறுகின்றன? பேசும் சொற்களின் பொருளும் அண்டை வீட்டாரோடு பழகும் முறையும்கூட மாறுகின்றன. இராமநாதபுரத்துச் சமவெளியிலிருந்து உதகமண்டலத்திற்குப் பணிமாறுதல் பெற்றுச் சென்ற தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவு இப்பாடத்தில் கட்டுரையாக விரிகிறது.

வீடு மாறுகிறவர்கள் பாத்திரங்களைக் கட்டிக்கொள்ளலாம். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கலாம். துளசிச் செடியைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். பழகிய வெயிலை மட்டும் எவராலும் உடன்கொண்டு செல்ல இயலாது. நாற்பது ஆண்டுகளாகத் தோலில் ஊறிய வெம்மை ஊரின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. நம்மை நாமாக வளர்த்ததில் அந்த வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அதன் பின்னரே தெரிய வருகிறது.

நான் பிறந்து வளர்ந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். பனைகளும் சீமைக்கருவேல மரங்களுமே அங்கே பசுமை. மழை எங்களுக்கு விருந்தினர். வெயிலோ குடும்பத்தில் ஒருவர். வைகாசி இறுதியில் பணிமாறுதல் ஆணை கிடைத்தது. உதகமண்டலத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியராக நான் சேர வேண்டும். ஆனி மாதத் தொடக்கத்தில் நானும் என் கணவரும் மகளும் மலையேறினோம்.

மேட்டுப்பாளையத்தில் காற்றுக்காகப் பேருந்தின் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்த பயணிகள், குன்னூரைத் தாண்டுவதற்குள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினர். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று பள்ளி நாள்களில் படித்திருக்கிறேன். அன்று அந்தப் பாடத்தைக் காதுமடல்களும் விரல்நுனிகளும் படித்தன.

சமையலறையில் ஒரு மறுகல்வி

புதிய ஊரில் முதல் பாடத்தை எனக்கு நடத்தியது தேங்காய் எண்ணெய். மகளுக்குத் தலைவாரப் புட்டியைக் கவிழ்த்தேன். ஒரு துளியும் இறங்கவில்லை. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். எங்கள் ஊரில் மார்கழி விடியலில் மட்டும் ஓரிரு நாள் நிகழும் அந்த விந்தை, இங்கே அன்றாடச் செய்தி. அகன்ற வாயுள்ள புட்டியில் எண்ணெயை ஊற்றிவைத்துக் கரண்டியால் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை அக்கம்பக்கத்தில் கேட்டறிந்தேன்.

அடுத்த பாடத்தைத் தோசை மாவு நடத்தியது. ஊரில் இரவு அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். இங்கே மறுநாள் மாலையிலும் அரைத்தபடியே கிடந்தது. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் கதகதப்பு வேண்டும் அல்லவா? பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தபின் அது மெல்ல மெல்லப் பொங்கிற்று. பின்னாளில் அம்மா வந்து பார்த்துவிட்டு, “பச்சப்புள்ளையைப் பொத்துற மாதிரியில்ல மாவைப் பொத்தி வச்சிருக்க!” என்று சிரித்தார்.

உலைநீரின் கதை இன்னும் வியப்பானது. உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையும்போது நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், இவ்வுயரத்தில் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நீர் தளதளவென்று கொதிக்கும். உள்ளே கிடக்கும் துவரம்பருப்போ வேகாது. திறந்த பாத்திரத்தில் சமைத்துப் பழகிய கை, குக்கர் இல்லாமல் பருப்பைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டது.

துணிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும் துணிகளைக் கண்டு வளர்ந்தவள் நான். இங்கே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நான்காம் நாளும் துணியில் ஈரம் ஒட்டியிருக்கும். அடுப்படிக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவார்கள். அதனால் மழைக்காலத்தில் எங்கள் வகுப்பறைகளில் மெல்லிய புகைமணம் வீசும். மாணவர்களின் சீருடைகள் எந்த அடுப்பின் மேல் காய்ந்தன என்பதைக்கூட அந்த மணம் சொல்லிவிடும். சீகை விறகின் புகை ஒருவகை. கற்பூர மரத்தின் புகை வேறுவகை.

சொற்களின் தட்பவெப்பம்

பொருள்களுக்கு அடுத்தபடியாக என்னைச் சிந்திக்க வைத்தவை சொற்கள். நம் மொழியில் நல்லவையெல்லாம் குளிர்ச்சியானவை. உதவி செய்தவரை ‘உன் வயிறு குளிரட்டும்’ என்று வாழ்த்துகிறோம். மகிழ்ச்சியை ‘மனம் குளிர்ந்தது’ என்கிறோம். இரக்கத்திற்குத் ‘தண்ணளி’ என்று பெயர். காப்பவரின் அருளை ‘நிழல்’ என்றும், அவரை அண்டி வாழ்வதை ‘நிழலில் வாழ்தல்’ என்றும் சொல்கிறோம். சினமோ கொதிக்கிறது, வயிறு எரிகிறது, சொல் சுடுகிறது. வெயிலில் உழுது, வெயிலில் நடந்து, வெயிலில் காத்திருந்த மக்கள் உருவாக்கிய மொழி இது.

அருந்தும் நீருக்கே ‘தண்ணீர்’ என்று பெயரிட்டவர்கள் நாம்; தண்மை உடைய நீர் என்பது அதன் பொருள். உதகையில் வீட்டுக்கு வருவோருக்குத் தண்ணீர் கொடுத்தால் தயங்கித்தான் வாங்குகிறார்கள். வெந்நீர் கொடுத்தால் இரு கைகளாலும் குவளையைப் பற்றிக்கொள்கிறார்கள். நிழலைத் தேடி நடந்த கால்கள் இங்கே வெயிலைத் தேடி நடக்கின்றன. மலையின் மெல்லிய காற்றில் வெயில் சுள்ளென்று சுடும். ஓர் அடி நகர்ந்து நிழலுக்குள் வந்தால் உடல் நடுங்கும். பள்ளி இடைவேளையில் மாணவர்கள் மைதானத்தில் வெயில் விழும் பக்கமாகவே கூடி நிற்பார்கள். வெயில் நகர நகரக் கூட்டமும் நகரும்.

அப்படியானால் குளிரில் வாழ்வோருக்கு உரிய சொற்கள் தமிழில் இல்லையா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ‘குளிர்காய்தல்’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஈரத்தைக் காயவைப்பதுபோல் உடலில் ஏறிய குளிரை நெருப்பின் முன் காயவைப்பது என்று எண்ணிப் பார்த்தேன். எவ்வளவு அழகான சொல்! பிறர் துன்பத்தில் இன்பம் காண்பவரைக் குறிக்கும் வசையாகவே சமவெளியில் இச்சொல்லை நான் மிகுதியும் கேட்டிருந்தேன். மலையில்தான் அது தன் முதற்பொருளோடு என்முன் வந்து அமர்ந்தது.

வகுப்பறைக்குள் வந்த கூதிர்

கேள்விக்கான முழு விடை வகுப்பறையில் கிடைத்தது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை நக்கீரர் 188 அடிகளில் பாடியிருக்கிறார். கூதிர்காலத்தின் கடுங்குளிரை இத்தனை நுணுக்கமாகக் காட்டும் பாடல்கள் சிலவே. ஆநிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் சென்ற கோவலர், கையில் தீயை ஏந்திக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். மேய்ச்சலை மறந்து விலங்குகள் ஒடுங்குகின்றன. மந்திகள் கூனிக் குறுகுகின்றன. நகரத்து மாடங்களில் கதவுகளுக்குத் தாழிடுகிறார்கள். குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. வேனிலில் வீசிய விசிறிகள் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. யாழின் நரம்புகள்கூடக் குளிரால் குரல் திரிந்துபோகின்றன.

சமவெளியில் இப்பாடலை நடத்தும்போது ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் தேவைப்பட்டது. ‘கன்னம் நடுங்குமா அம்மா?’ என்று கேட்ட மாணவர்கள் உண்டு. உதகையில் அதே வரிகளை நடத்தினேன். வகுப்பு முழுவதும் புன்னகை பரவியது. தாழிட்ட கதவுகளைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “எங்கள் வீட்டில் நேற்று மாலை நடந்ததை அவர் எப்படி எழுதினார் அம்மா?” என்றாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாடல் அவளுக்கு நேற்றைய செய்தியாக இருந்தது.

அதே மாணவர்களிடம் பாலைத் திணையைக் கொண்டுசென்றபோதுதான் நான் திணறினேன். கானல்நீரை அவர்களில் பலர் கண்டதில்லை. வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாத நண்பகலை அறிந்ததில்லை. அன்று நான் என் ஊரைக் கதையாகச் சொன்னேன். வெடித்த கண்மாயின் விரிசலுக்குள் சிறுவர்களான நாங்கள் கைவிட்டு ஆழம் பார்த்ததைக் கேட்டு அவர்கள் வியந்தார்கள். ஐந்நிலத்தையும் பாடிய மொழி நம்முடையது. அதை முழுமையாகப் படிக்க, குறிஞ்சியில் இருப்பவருக்குப் பாலையிலிருந்து ஒருவர் தேவை. பாலையில் இருப்பவருக்குக் குறிஞ்சியிலிருந்து ஒருவர் தேவை.

அம்மாவும் அடைத்த கதவுகளும்

அப்பா மறைந்த ஆண்டில், கார்த்திகை மாதத்தில் அம்மாவை எங்களோடு அழைத்து வந்தோம். அறுபத்தெட்டு ஆண்டுகளாகத் திறந்த கதவுகளுக்கு நடுவே வாழ்ந்தவர் அவர். எங்கள் ஊரில் விடியலில் திறக்கும் தெருக்கதவு, இரவு படுக்கப் போகும்போதுதான் சாத்தப்படும். திண்ணையில் யாராவது ஒருவர் அமர்ந்திருப்பார். வழியே போகிறவர் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்காமல் கடக்க மாட்டார். வேப்ப மரத்து நிழலில் கட்டிலைப் போட்டால் அதுவே அவை.

உதகையில் திண்ணை இல்லை. மாலை ஐந்து மணிக்கு மூடுபனி தெருவில் இறங்கும். வீடுகளின் கதவுகள் சாத்தப்படும். தெருவிளக்கின் மஞ்சள் வட்டம் மட்டும் பனியில் மிதந்துகொண்டிருக்கும். அம்மா சன்னல் கண்ணாடியில் படிந்த நீராவியை முந்தானையால் துடைத்துவிட்டுத் தெருவைப் பார்ப்பார். சற்று நேரத்தில் கண்ணாடி மீண்டும் மங்கிவிடும்.

“இந்த ஊர்ல மனுச மக்க இருக்காகளா, இல்லையா தாயி?” என்று ஒருநாள் கேட்டார்.

மூட்டுவலியை அவர் பொறுத்துக்கொண்டார். குதிகால் வெடிப்புக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டார். மூன்று சட்டைகளுக்கு மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளவும் பழகினார். பேச ஆளில்லாத மாலைப்பொழுதுதான் அவரை வாட்டியது. மார்கழி பிறந்ததும், “பொங்கலுக்குப் பெறகு என்னைய ஊருல கொண்டுபோய் விட்ரு” என்றார். ஊரில் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவும் இல்லாத வீடு அது. அங்கே அனுப்பவும் மனம் இல்லை. இங்கே வாடவிடவும் மனம் இல்லை. அவருடைய தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சுவரோரம் நின்றுகொண்டது. பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அதுவே நாள்தோறும் எனக்கு நினைவூட்டியது.

அந்நாள்களில் ஒரு விடுமுறையன்று, நீலகிரியின் தொல்குடிகளுள் ஒருவரான தோடர்களின் மரபுவழி வீட்டைக் காண அம்மாவை அழைத்துச் சென்றேன். தோடர் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வளைந்த கூரை. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு நெருக்கமாக வேய்ந்த பின்னல். முன்புறச் சுவரில், தவழ்ந்தே நுழையக்கூடிய சிறியதொரு வாயில். மலைக்காற்றும் குளிரும் உள்ளே புகாத வகையில் அமைந்த வீடு அது. அம்மா அந்த வாயிலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் குனிஞ்சுதான் உள்ள போகணும் போல” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தணல் வந்த இரவு

மார்கழியின் இறுதி வாரத்தில் ஒருநாள் காற்றில் மரம் ஒன்று சாய்ந்து மின்கம்பி அறுந்தது. வீட்டில் விளக்கில்லை, அறையைச் சூடேற்றும் மின்கருவியும் இயங்கவில்லை. என் கணவர் பணியின் பொருட்டுக் கோவைக்குச் சென்றிருந்தார். அம்மாவுக்கு இரண்டு நாள்களாகச் சளியும் இருமலும். மூன்று போர்வைகளைப் போர்த்தியும் அவர் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரவு எட்டு மணி இருக்கும். கதவு தட்டும் ஒலி கேட்டது. திறந்தேன். அடுத்த வீட்டில் வாழும் படுகர் மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சீலை, தலையில் கட்டிய வெள்ளைத் துணி, கையில் சாக்குத்துணியால் பற்றிய பழைய இரும்புச் சட்டி. சட்டி நிறையப் புகை அடங்கிய தணல்.

“அக்கா இருமுறது சுவத்துல கேக்குது டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி, செங்கற்களின் மேல் சட்டியை வைத்தார். பிறகு நேராகச் சன்னலுக்குச் சென்று, நான் இறுக மூடியிருந்த கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்துவிட்டார். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. நான் வியப்போடு பார்த்தேன்.

“கணப்பு வச்ச ரூமை முழுசா மூடக்கூடாது. குளிரு ஆளைக் கொல்லாது. மூடுன கதவு கொன்னுரும். தூங்கப் போறப்ப சட்டியை வெளிய வச்சிருங்க” என்றார்.

கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து அம்மாவின் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். தணலின் செவ்வொளியில் இரண்டு மூதாட்டியரின் முகங்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. அம்மா மெல்லக் கேட்டார்: “இந்த ஊர்ல எல்லாரும் கதவைச் சாத்திக்கிறீகளே, ஏன் அக்கா?”

அவர் சிரித்தார். “குளிருக்குச் சாத்துறோம். ஆளுக்கா சாத்துறோம்? தட்டுனாத் தொறக்கப் போறோம். நீங்க ஒருநாளும் தட்டலையே!”

தெரிந்து தெளிவோம்

மூடிய அறையில் கரியோ விறகோ எரியும்போது, போதிய காற்றோட்டம் இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமந்து செல்வதை அது தடுத்துவிடும். உறங்குபவர் விழித்தெழாமலே உயிரிழக்க நேரிடும். எனவே, கணப்பு மூட்டிய அறையில் காற்று வந்துபோக வழி இருக்க வேண்டும். உறங்கச் செல்வதற்குமுன் கணப்பை வெளியேற்றிவிட வேண்டும்.

பனியில் கருகும் பயிர்

அதன் பின்னர் அம்மா தட்டத் தொடங்கினார். முதலில் அடுத்த வீடு, பிறகு எதிர்வீடு, பின்னர்த் தெருமுனைக் கடைக்கார அம்மாவின் வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பனங்கருப்பட்டியைச் சுக்கோடு தட்டிப்போட்டுக் காப்பி வைத்து எடுத்துச் செல்வார். அந்தத் தெருவின் அடுப்படிகளில் இராமநாதபுரத்துப் பனையின் மணம் ஏறியது. அங்கே கேட்ட செய்திகளை அவர் மாலையில் வந்து எங்களுக்குச் சொல்வார்.

அவ்வாறுதான் குளிரின் மறுபக்கத்தை நாங்கள் அறிந்தோம். மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவுகளில் உறைபனி விழும். எடைமிக்க குளிர்காற்று தாழ்வான இடங்களில் தேங்குவதால் தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் புல்வெளி விடியலில் உப்பளம்போல் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதை அள்ளி விளையாடிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதே நேரத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்டவர், சூரியன் எழுவதற்குமுன் தோட்டத்தில் நீர் தெளித்துக்கொண்டிருப்பார். இலையில் படிந்த பனியைக் கழுவாவிட்டால், வெயில் ஏறும்போது இலை கருத்துச் சுருண்டுவிடும். தேயிலையின் இளஞ்செடிகளைத் தழையாலும் காய்ந்த புல்லாலும் மூடிப் பாதுகாப்பவர்களும் உண்டு. பாதிக்கப்பட்ட தோட்டத்தைப் பார்த்து ‘பயிர் கருகிப்போச்சு’ என்றுதான் இவர்களும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வெயில் செய்யும் வேலையை இங்கே பனி செய்கிறது. சொல்லும் துயரமும் ஒன்றே.

தேயிலை பறிக்கும் பெண்களின் விரல்களை அம்மா வருணித்ததை மறக்க முடியாது. சாரல் மழையில் இடுப்பில் நெகிழித்தாளைக் கட்டிக்கொண்டு, நனைந்த செடிகளுக்கிடையே நாள்முழுதும் நிற்பவர்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். ஒரு மலையின் குளிரிலிருந்து மற்றொரு மலையின் குளிருக்கு இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். “நம்ம பக்கம் மொளகாய்ப் பழம் எடுக்குறவுக கைய நெனச்சேன் தாயி. அது எரியும், இது மரத்துப்போகும். வலி ஒண்ணுதான்” என்றார் அம்மா.

இரண்டு நாள் தங்கிச் செல்பவருக்குக் குளிர் ஒரு காட்சி. அதில் உழைத்து உண்பவருக்கு அது நாள்தோறும் கடக்க வேண்டிய வழி. 1819இல் இம்மலைக்கு வந்த கோவை மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் முதல், மே மாத மலர்க்காட்சிக்கு வரும் இன்றைய மக்கள் வரை, உதகையின் குளிரைத் தேடி வந்தவர்கள் எண்ணற்றோர். குளிரைத் தாங்கி இங்கேயே வாழ்பவர்களின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

குளிரில் பிறக்கும் ஆறு

பள்ளிச் சிறுவர்களோடு ஒருமுறை சோலைக்காட்டிற்குச் சென்றோம். அம்மாவும் உடன் வந்தார். மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. அதைச் சூழ்ந்து புல்வெளி. மரங்களின் தண்டெல்லாம் பாசி போர்த்தியிருந்தது. மழை பெய்யவில்லை, ஆயினும் இலைநுனிகளிலிருந்து நீர் சொட்டியது. கடந்து செல்லும் மூடுபனியை இலைகள் பிடித்துத் துளியாக்குகின்றன என்று உடன்வந்த அறிவியல் ஆசிரியர் விளக்கினார். காலடியில் மட்கிய இலைகளும் புல்வேர்களும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவே ஓடையாகிறது, ஓடைகள் ஆறாகின்றன. நீலகிரியில் பெருகும் மோயாறு பவானியோடு சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் கற்பூர மரமும் சீகையும் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டன. தேயிலையும் பரவியது. சோலைகளும் புல்வெளிகளும் பெருமளவு சுருங்கின. எஞ்சியிருப்பவற்றைக் காப்பது மலைவாழ் மக்களின் கவலை மட்டும் அன்று. இங்குள்ள ஈரம் வற்றினால் கீழேயுள்ள வயல்கள் அறியும்.

அம்மா ஓடையில் கைவைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். “நம்ம வைகையும் இப்படித்தான் பொறந்திருக்குமா?” என்று கேட்டார். ஆம். வைகை பிறப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டுப் பகுதியில். அங்கிருந்து மதுரையைக் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கி வருகிறது. எங்கள் ஊர் வெயிலில் அருந்திய ஒவ்வொரு மடக்கு ஆற்றுநீருக்கும் பின்னால் ஏதோ ஒரு மலையின் ஈரம் இருந்திருக்கிறது. அதைத் ‘தண்ணீர்’ என்று அழைத்தவர்கள் பிழையாக ஒன்றும் பெயரிட்டுவிடவில்லை.

தட்டும் கைகள்

பொங்கல் வந்தது, போனது. தகரப்பெட்டியைப் பற்றி அம்மா ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் அது மீண்டும் கட்டிலுக்கடியில் போயிருந்தது. பங்குனியில் குலதெய்வ வழிபாட்டிற்காக ஊருக்குச் சென்றவர், பத்து நாளில் ஒரு மூட்டைக் கருப்பட்டியோடு திரும்பிவந்தார். அங்கே வெயில் கடுமை என்று குறைபட்டுக்கொண்டார்! பிறகு, “அங்க கதவு தொறந்து கெடக்கு, வாரவுகதான் கொறஞ்சு போனாக” என்று தாமாகவே சொன்னார். அண்டை வீட்டார் பலர் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்துவிட்டனர். திறந்த கதவு மட்டுமே உறவாகிவிடாது என்பதை அவர் ஊரிலேயே கண்டுவந்திருந்தார்.

இடம்பெயர்தல் இக்காலத்தில் எவருக்கும் நேரலாம். படிப்புக்காகவும் பணிக்காகவும் மணவாழ்வுக்காகவும் நம்மில் பலர் பழகிய வெயிலையோ பழகிய பனியையோ விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். புதிய ஊரின் வழக்கம் நமக்கு அன்பின்மையாகத் தோன்றலாம். வெப்ப நிலத்தவர் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். குளிர் நிலத்தவர் கணப்புக்காக மூடி வைக்கிறார்கள். இரண்டும் நிலம் கற்பித்த பழக்கங்கள். அவற்றைக்கொண்டு மனிதரின் நெஞ்சை அளந்துவிட முடியாது.

அடுத்த ஆண்டு மார்கழியில் எங்கள் தெருவின் கடைசி வீட்டிற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் குடும்பம் குடிவந்தது. கைக்குழந்தை ஒன்று இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தது. அம்மா அடுப்பிலிருந்து தணலை அள்ளி இரும்புச் சட்டியில் இட்டார். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

“அவுகளுக்குச் சன்னலைத் தொறந்து வைக்கத் தெரியாது தாயி, போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்” என்று கதவைத் திறந்து பனிக்குள் இறங்கினார். சற்றுநேரத்தில், தெருக்கோடியில் அவர் கதவைத் தட்டும் ஒலி கேட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வட்டார வழக்கில் வெயில், மழை, பனி ஆகியவற்றோடு தொடர்புடைய சொற்களையும் மரபுத்தொடர்களையும் தொகுத்து, அவை அந்நிலத்தின் வாழ்க்கையை எவ்வாறு காட்டுகின்றன என்று வகுப்பில் உரையாடுக.

2. வேறு ஊரிலிருந்து உங்கள் பகுதியில் குடியேறிய ஒருவரைச் சந்தித்து, அவர் எதிர்கொண்ட மாற்றங்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. நீங்கள் அருந்தும் நீர் எங்கே பிறந்து எவ்வழியாக உங்கள் ஊரை வந்தடைகிறது என்பதைக் கண்டறிந்து வரைபடமாக உருவாக்குக.